அண்ணாச்சியின் கையும் என் மொழிபெயர்ப்பும்

மூன்று வருஷங்களுக்கு முன்பு, ஆவணியில் தொடங்கி ஐப்பசியில் முடிந்த விஷயம் இது. நடந்தது பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையிலும், திருநெல்வேலி ஜங்ஷன் ரயில் நிலையத்திலும். இரண்டு இடத்திலும் நான் இருந்தேன். முதல் இடத்தில் அறிவாளியாக. இரண்டாவது இடத்தில் மூச்சிரைக்க ஓடுகிறவனாக. இரண்டாவது வேலையைத்தான் ஒழுங்காகச் செய்தேன்.

நான் ஒரு கல்லூரி நூலகன். யாரும் எடுக்காத புத்தகங்களுக்குக் காவல் இருப்பது என் உத்தியோகம். யாரும் எடுக்காததால் நானே எடுத்து வாசித்துவிடுவேன். அப்படி மூளையைப் பற்றி மட்டும் பதினோரு புத்தகங்கள் வாசித்திருந்தேன். மூளையைப் பற்றிப் படிப்பது வேறு, அது இருப்பது வேறு என்று என் மனைவி அப்போதே சொன்னாள். நான் அதை ஒரு கருத்து என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். டவுனில் ஒரு மிட்டாய்க்கடையில் மாஸ்டர். திருநெல்வேலி என்றதும் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் அல்வாவைக் கேட்பார்கள். அண்ணாச்சி அல்வா பக்கமே போகமாட்டார். அவர் ஜாங்கிரி மாஸ்டர். அரைத்த உளுந்து மாவைத் துளை போட்ட துணியில் முடிந்து, எண்ணெய்ச் சட்டிக்கு மேலே பிடித்து, ஒரே பிழியலில் நடுவட்டமும் சுற்றிலும் இதழ்களுமாக இறக்குவார். ஒரு சட்டியில் இருபது ஜாங்கிரி மிதந்தால் இருபதும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும்.

அந்தக் கைக்குத்தான் ஆறு வருஷமாக நடுக்கம். மடியில் சும்மா கிடக்கும்போது சாதுவாக இருக்கும். ஒரு டம்ளரை நோக்கிப் புறப்பட்டால் போதும், பாதி வழியில் ஆடத் தொடங்கி, வாய்க்கு வருவதற்குள் தண்ணீர் சட்டைக்குப் போயிருக்கும். கடை முதலாளி நல்ல மனுஷர். வேலையை விட்டு அனுப்பாமல், பெட்டிக்கு நூல் கட்டும் இடத்தில் உட்கார வைத்தார். நூல் கட்டவும் கை வேண்டும் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது. தெருவில் இன்னொரு பேச்சு கிளம்பியது, ராத்திரியில் தண்ணி போடுகிறார் என்று. ஒரு சொட்டு தொடாதவர். கல்யாண வீடுகளில் காபி கொடுத்தால் கை நீட்டாமல் “வேண்டாம், பழக்கமில்ல” என்று சொல்லிவிடுவார். காபி பழக்கமில்லாத மனுஷன் எங்கள் ஊரிலேயே கிடையாது. அந்தப் பொய்யை யாரும் நம்பவுமில்லை.

கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் மூளைக்குள் கம்பி வைக்கும் சிகிச்சைக்கு ஏற்பாடானது. மண்டையில் சின்னத் துளை போட்டு, சேமியா இழை கனத்தில் ஒரு கம்பியை உள்ளே இறக்குவார்கள். நெஞ்சுக்கு மேலே, தோலுக்கு அடியில் தீப்பெட்டி மாதிரி ஒரு கருவி. அதிலிருந்து விடாமல் போகிற மெல்லிய மின்துடிப்பு, கையை ஆட்டிவைக்கும் இடத்தைப் பேசாமல் இருக்கச் செய்யும். இதில் பெரிய வேடிக்கை, துளை போடும்போது ஆள் விழித்திருக்க வேண்டும். அண்ணாச்சி திரும்பி வந்து சொன்னார்:

“மண்டையில ஓட்டை போடுதாவ, சார்வாள். அந்த நேரத்துல ஒரு டாக்டர் குனிஞ்சு, ‘உங்க ஊர்ல மழை உண்டா’ங்காரு. நான் என்ன சொல்லட்டும்? உண்டுன்னு சொன்னேன். பொய்தான். அந்த நேரத்துல அவரு மனசு நோவக்கூடாதுல்லா.”

காயம் ஆறிய பிறகுதான் கருவியை இயக்கி, எந்த அளவு மின்சாரம் போதும் என்று பார்த்துப் பார்த்து வைப்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்காக அதை மாதம் ஒரு நாள் பாளையங்கோட்டையிலேயே வைத்துக்கொண்டார்கள். அதற்காக வந்தவர்தான் இந்தக் கதையின் விஞ்ஞானி. கொல்கத்தா பக்கத்துப் பெண்மணி, நாற்பது வயதிருக்கும். மூளைத் தூண்டலால் நடுக்கம் எப்படி அடங்குகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. தமிழில் அவருக்குப் பத்துச் சொற்கள் தெரியும். அதில் இரண்டு ‘பைய, பைய’, மெதுவாக என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். வழக்கமாக மொழிபெயர்க்கும் பெண் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். நான் அண்ணாச்சிக்குத் துணையாகப் போன இடத்தில், யாரும் கேட்பதற்கு முன்பே கையைத் தூக்கிவிட்டேன்.

அந்த முதல் நாள் இப்போதும் கண்ணில் நிற்கிறது. மேஜைமேல் ததும்பத் ததும்பத் தண்ணீரோடு ஓர் எவர்சில்வர் டம்ளர். அண்ணாச்சி எடுத்தார். பாதித் தண்ணீர் மேஜையில். அறுவை செய்த டாக்டர் திருவனந்தபுரத்திலிருந்து வீடியோவில் தலையாட்ட, விஞ்ஞானி அம்மா கருவியை இயக்குவதற்கென்று கையில் வைத்திருந்த சின்னத் திரையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். விரல் நுனியில் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

“எறும்பு ஊருத மாதிரி இருக்கு” என்றார் அண்ணாச்சி. “இன்னா, இப்ப போயிட்டு.”

இன்னொரு தட்டு. ஓடுகிற மிக்ஸியை யாரோ நிறுத்தினதுபோலக் கை நின்றது. மிச்சத் தண்ணீரில் ஓர் அலைகூட இல்லை. அண்ணாச்சி டம்ளரைப் பார்த்தார், கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தார். குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். அதையும் குடித்துவிட்டு மூன்றாவது கேட்டார்.

“அவ்வளவு தாகமா அண்ணாச்சி?”

“தாகம்லாம் இல்ல, சார்வாள். சும்மாதான்.”

கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் மதினி என்று கூப்பிடுகிறவர். எனக்கும் கண் கலங்கியது. விஞ்ஞானி அம்மா மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார்.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். அடுத்து ஒரு சோதனை இருந்தது. ஒரு மின்பலகை, அதன்மேல் ஒரு பேனா. நடுவில் தொடங்கி, பேனாவைத் தூக்காமல், வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி நாலு சுற்று வரைய வேண்டும். பலகைக்குப் பக்கத்தில் மாதிரிப் படம் ஒன்றும் வைத்திருந்தார்கள். வரைந்ததைக் கணினி அப்படியே நிமிர்த்து நேர்கோடாக்கி, அந்தக் கோடு எவ்வளவு ஆடியிருக்கிறது என்று மதிப்பெண் போடும். மதிப்பெண் குறையக் குறையக் கை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த மதிப்பெண்ணை வைத்து மின்சார அளவை முடிவு செய்வதுதான் அவருடைய ஆராய்ச்சியின் மையம். கணினி ‘சரி’ என்று சொல்லும்வரை அண்ணாச்சி எண்ணெய்ச் சட்டி பக்கம் போகக்கூடாது. கை திடீரென்று வெட்டினால் கொதிக்கிற எண்ணெய் யாரையும் விசாரித்துவிட்டுத் தெறிக்காது.

அண்ணாச்சி பேனாவை வாங்கி, அது ஏதோ அடுத்த வீட்டுக் குழந்தை என்பதுபோலப் பிடித்துக்கொண்டார். கையெழுத்துக்குத் தவிர அவர் பேனா பிடித்ததே இல்லை. “என்ன செய்யணுங்காவ, சார்வாள்?” என்றார்.

விளக்க வேண்டியது நான். சுழல், சுருள் என்று எனக்குச் சொல் தெரியாமல் இல்லை. ஆனால் பதினோரு புத்தகம் படித்தவனுக்கு வெறும் சொல் போதுமா? கேட்பவருக்குத் தெரிந்த உலகத்திலிருந்து உவமை எடுக்க வேண்டும் என்று அதில் ஒன்றில் படித்திருந்தேன்.

“ஜாங்கிரி பிழியுத மாதிரி நினைச்சுக்கிடுங்க அண்ணாச்சி. பேனாவ எடுக்காம அப்படியே சுத்திக்கிட்டே போங்க” என்றேன்.

அண்ணாச்சி முகம் தெளிந்தது. விஞ்ஞானி அம்மா என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். உள்ளூர் உதாரணம் ஒன்று சொல்லிப் புரியவைத்ததாக ஆங்கிலத்தில் சொன்னேன். “பிரமாதம்” என்றார். எனக்கு உடம்பு அரை அங்குலம் உயர்ந்தது.

மதிப்பெண் நன்றாக வரவில்லை. கோடு முழுக்க அலை அலையாக இருந்தது. டம்ளர் பிடிக்கிற கை வரையும்போது மட்டும் ஏன் ஆடுகிறது? சிலருக்கு ஒரு குறிப்பிட்ட வேலையில் மட்டும் நடுக்கம் மிஞ்சும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் அம்மா.

புரட்டாசியில் மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். அண்ணாச்சி வரைந்தார். மதிப்பெண் இன்னும் மோசம். ஆனால் அலைகள் மட்டும் அளந்து வைத்ததுபோல ஒழுங்காகிவிட்டன. விஞ்ஞானி அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நடுக்கம் என்றால் வேகமாக, தாறுமாறாக இருக்கும். இது மெதுவாக, தாளம் தப்பாமல் இருக்கிறது. மின்சாரத்தைக் கூட்டினால் தாளம் இன்னும் சுத்தமாகிறது. இப்படி ஒன்றைத் தான் பார்த்ததே இல்லை என்றார். அவருடைய உற்சாகம் எனக்கும் தொற்றிக்கொண்டது. மூளைக்குள் இதுவரை யாருக்கும் தெரியாத ஒரு தாளம்! எங்கள் தெரு ஆளின் மண்டையில்! அந்த ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசி வரியில் மொழிபெயர்ப்பாளருக்கு நன்றி என்று போடுவார்கள், இல்லையா? வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “போடுவாங்க, போடுவாங்க” என்று சொல்லிவிட்டுக் குக்கரைத் திறக்கப் போய்விட்டாள்.

ஐப்பசியில் மூன்றாவது தடவை. இதற்குள் மின்சாரம் கூடியதில் அண்ணாச்சிக்குப் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. நாக்கில் கல்லைக் கட்டினதுபோல ஒவ்வொரு சொல்லும் இழுத்துக்கொண்டு வந்தது. தெருவில் அந்தப் பழைய பேச்சு மறுபடியும் எழுந்தது. இப்போது சாட்சியும் கிடைத்துவிட்டது.

“பேச்சு போனா போவுது. நான் என்ன மேடையிலயா பேசப் போறேன்? கை நின்னாப் போதும்” என்றார், இதைச் சொல்லவே அரை நிமிஷம் எடுத்துக்கொண்டு.

அன்றைக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு, நெற்றி வியர்க்க, முன்னெப்போதும் இல்லாத கவனத்தோடு வரைந்தார். மதிப்பெண் எல்லாவற்றையும்விட மோசமாக வந்தது. விஞ்ஞானி அம்மாவின் முகத்தில் உற்சாகம் வடிந்துவிட்டது. டாக்டரோடு வீடியோவில் நெடுநேரம் பேசினார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: கம்பி ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்திருக்க வேண்டும். மின்சாரத்தை இதற்குமேல் கூட்ட முடியாது. பேச்சு முழுசாகப் போய்விடும். மறுபடி திறந்து கம்பியை மாற்றிவைப்பதுதான் வழி. அடுத்த வாரமே வரச் சொன்னார்.

நான் மொழிபெயர்த்தேன். அண்ணாச்சி தலையில் பழைய தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“இன்னொரு வாட்டி மண்டையத் திறக்கணுமா?”

“ஆமா அண்ணாச்சி.”

“சரி” என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழ்வரை, ஒரு பித்தானும் நழுவாமல். என் கண் முன்னால்தான் போட்டார். நான் அதைப் பார்க்கவில்லை. அவருடைய மூளையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

வரைந்த படங்களையும் அறிக்கையையும் ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்துவிட்டு, விஞ்ஞானி அம்மா மாலை ரயிலுக்குப் புறப்பட்டுப் போனார். நாங்கள் மூன்று பேரும் பாளை பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். மதினிதான் கோப்பைத் திறந்தார். மூன்று மாதமும் அவரைக் கதவுக்கு வெளியேதான் உட்கார வைத்திருந்தோம். படத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“தம்பி, இது யாரு வரைஞ்சது?”

“அண்ணாச்சிதான், மதினி.”

“இதுல என்ன கோளாறாம்?”

“பாருங்க, கோடு எப்படி ஆடியிருக்கு.”

மதினி தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார். “கோடு எங்க ஆடிருக்கு? இதழ்லா போட்டிருக்காவ! ஒண்ணுபோல இருக்கு பாருங்க. கை நல்லா இருந்தப்ப அவிய போடுத ஜாங்கிரி இப்படித்தான் இருக்கும்.” பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். “அது சரி, எதுக்கு நாலு சுத்து? நாலு சுத்துல ஜாங்கிரி போட்டா எவன் திங்கது?”

அந்த நிமிஷம் அந்தக் கடையில் கை நடுங்கியது எனக்கு மட்டும்தான். டீ பாதி தொடையில் கொட்டியது.

“அண்ணாச்சி,” என்றேன். “நீங்க வரைஞ்சது ஜாங்கிரியா?”

“ஆமா. நீங்கதான சொன்னீய?”

“பக்கத்துல மாதிரிப் படம் வச்சிருந்தாங்களே! அதுல இதழ் இல்லையே!”

அண்ணாச்சி குழறிக் குழறிச் சொன்னதைக் கோர்வையாக எழுதினால் இப்படி வரும்: “அந்தம்மா வடக்கத்திக்காரவ. அவிய ஊர்ல ஜிலேபிதான போடுவாவ, மொட்டையா. வெவரம் தெரியாம அந்தப் படத்த வச்சிருக்காவன்னு நெனச்சேன். நீங்க நம்மூரு ஆளு, ஜாங்கிரின்னு வெளக்கமாச் சொல்லிட்டிய. நாலு சுத்து கேட்டாவ, நாலு சுத்துலயும் இதழ் போட்டேன். கஷ்டமாத்தான் இருந்துச்சு.”

“சரியில்ல, சரியில்லன்னு திரும்பத் திரும்ப வரையச் சொன்னாங்களே, அப்பவாவது கேக்கக்கூடாதா?”

“எங்க மொதலாளியும் அப்படித்தான். என்ன கொறைன்னு சொல்ல மாட்டாரு. திரும்பப் போடும்பாரு. இதழ் இன்னும் ஒண்ணுபோல வரணும் போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

புரிகிறதா? கை தேறத் தேற இதழ் அழகாக விழுந்திருக்கிறது. இதழ் அழகாக விழ விழ, கணினி கை மோசமாகிறது என்று சொல்லியிருக்கிறது. அதை நம்பி மின்சாரத்தைக் கூட்டக் கூட்டப் பேச்சு போயிருக்கிறது. இப்போது ஒரு நல்ல மனுஷனின் மண்டையை இன்னொரு தடவை திறக்கப் போகிறார்கள். மூளைக்குள் யாருக்கும் தெரியாத தாளம் எதுவும் இல்லை. என் வாயிலிருந்து விழுந்த ஒரு உவமைதான் இருந்தது.

விஞ்ஞானி அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்தோம். வண்ணார்பேட்டை தாண்டி ஆற்றுப் பாலம் வரை பறந்த ஆட்டோ, பாலத்தின் வாயில் நின்றுவிட்டது. முன்னால் ஒரு பஸ் பழுதாகிக் குறுக்கே நின்றது. கீழே தாமிரபரணி இரு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“வேகமாப் போங்க தம்பி, வேகமாப் போங்க” என்றேன்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். “எப்படி சார்? வண்டிய ஆத்துலயா எறக்கச் சொல்லுதிய?”

இறங்கி ஓடினோம். நெஞ்சில் கருவியோடு அண்ணாச்சி, நெஞ்சில் குற்றத்தோடு நான். எங்கள் இரண்டு பேருக்கும் இருபது அடி முன்னால், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கோப்பைக் கொடிபோலத் தூக்கிப் பிடித்தபடி மதினி. ஓடும்போதே என் மனம் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. ‘நோயாளி தவறாகப் புரிந்துகொண்டார்’ என்று சொன்னால் போதும். உண்மையும்கூட. ஜாங்கிரிப் பேச்சை எடுக்காமலே காரியத்தை முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தை மூன்று விதமாக அமைத்தும் பார்த்துவிட்டேன். மூன்றும் நன்றாகவே இருந்தன.

நடைமேடைச் சீட்டு வாங்கவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ரயில் நின்றுகொண்டிருந்தது. விஞ்ஞானி அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்துப் பதறி எழுந்தார். அண்ணாச்சிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன். அப்போது அண்ணாச்சி மூச்சு வாங்கிக்கொண்டே என் முழங்கையைப் பிடித்து, “சார்வாள், நான்தான் தப்பாப் போட்டுட்டேன்னு சொல்லிருங்க. உங்கள ஒண்ணும் சொல்லிறக் கூடாதுல்லா” என்றார், சொல் சொல்லாக இழுத்து.

அமைத்து வைத்திருந்த மூன்று வாக்கியமும் தொண்டையிலேயே செத்துப்போயின. தப்பு என்னுடையது என்று சொன்னேன். என்ன சொல்லி வரையச் சொன்னேன், எதற்காக அப்படிச் சொன்னேன், பாராட்டு வாங்கியபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பது வரை எல்லாவற்றையும் கொட்டினேன். மதினி படத்தை எடுத்து நீட்டி, ஒவ்வொரு இதழாக விரலால் தொட்டுக் காட்டினார்.

விஞ்ஞானி அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக ஒரு சொல் சொன்னார்: “அம்ரிதி.” அவர்கள் ஊரிலும் இதே இதழ் போட்ட இனிப்பு உண்டாம். ஒவ்வொரு பண்டிகைக்கும் சாப்பிட்டு வளர்ந்தவராம். கணினி நிமிர்த்துப்போட்ட கோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததில், படத்தை ஒரு தடவைகூட படமாகப் பார்க்கவில்லையாம். சிரிக்கத் தொடங்கினார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார், சட்டென்று நிறுத்தினார். அடுத்த வாரம் என்ன நடக்க இருந்தது என்பது அவருக்கும் உறைத்துவிட்டது.

பெட்டியைத் திறந்து மின்பலகையைப் பெஞ்சின்மேல் வைத்தார். இந்தத் தடவை நான் உவமை எதுவும் எடுக்கவில்லை. “அண்ணாச்சி, அந்த மொட்டைச் சுத்துதான் வேணுமாம். இதழ் வேண்டாம்.”

“இதழ் வேண்டாமா?” அண்ணாச்சிக்கு நம்பிக்கையே இல்லை. “வெறும் சுத்தா? அது எதுக்கு?”

“எதுக்கோ. போடுங்க.”

போட்டார். கண் மூடித் திறப்பதற்குள் நாலு சுற்றும் முடிந்துவிட்டன. காம்பஸ் வைத்துப் போட்டதுபோல ஒரு கோடு, எந்த இடத்திலும் ஒரு சிணுங்கல்கூட இல்லாமல். கணினி யோசித்தது. திரையில் வந்த எண்ணைப் பார்த்த விஞ்ஞானி அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இவ்வளவு குறைந்த மதிப்பெண்ணை அந்தக் கணினி இதுவரை யாருக்கும் போட்டதில்லையாம்.

உடனே டாக்டரை வீடியோவில் கூப்பிட்டார். நடைமேடைச் சத்தத்துக்கு நடுவில் கத்திக் கத்தி விஷயத்தைச் சொன்னார். டாக்டர் முதலில் முழித்தார், பிறகு நெற்றியைத் தடவினார், பிறகு தலையாட்டினார். விஞ்ஞானி அம்மா திரையில் தட்டி மின்சாரத்தை ஒவ்வொரு படியாக இறக்கினார். ஒவ்வொரு படியிலும் ஒரு சுற்று வரையச் சொன்னார். கோடு அப்படியேதான் இருந்தது. ஆவணி மாதத்து முதல் அளவுக்கே வந்து நின்றது. அந்த அளவே போதுமானதாக இருந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே.

ஏதாவது நீளமாகப் பேசச் சொல்லுங்கள் என்றார் என்னிடம். நாங்கள் எல்லோரும் அண்ணாச்சியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம். ரயில் ஊதியது.

“அம்மாட்ட சொல்லுங்க,” என்றார் அண்ணாச்சி. கொஞ்சம் தடங்கல், அப்புறம் மழைவிட்ட வானம்போலத் தெளிந்துகொண்டே வந்தது குரல். “ஜாங்கிரிக்கு நாலு சுத்து கூடாது. ரெண்டுதான். நாலு போட்டா உள்ள வேவாது, பாகும் எறங்காது. இனிமே யாருக்கும் நாலு சுத்துன்னு சொல்லிறாதிய.”

மதினி புருஷனின் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தார். அழுதுகொண்டேதான் அடித்தார். நான் அண்ணாச்சி சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். விஞ்ஞானி அம்மா அதைத் தன் குறிப்பேட்டில் உண்மையாகவே எழுதிக்கொண்டார். ரயில் நகரத் தொடங்கியது. அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ஓடினேன். மின்பலகையோடு அண்ணாச்சி ஓடினார். விஞ்ஞானி அம்மாவை ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், அந்த இரைச்சலிலும் அண்ணாச்சி மின்பலகையை ஒரே கையில், தாம்பாளம் ஏந்துவதுபோல நேராக நீட்டிக்கொண்டிருந்தார். அம்மா வாசலில் நின்று அதை வாங்கிக்கொண்டு, “பைய, பைய” என்று கத்தினார்.

ஆராய்ச்சிக் கட்டுரை வந்ததா, அதில் என் பெயர் இருந்ததா என்று நீங்கள் கேட்கக்கூடாது. அடுத்த மாதத்திலிருந்து அந்த அறையில் ஒரு புது வழக்கம் வந்தது என்று மட்டும் கேள்விப்பட்டேன். வரையத் தொடங்கும் முன், தான் என்ன வரையப் போகிறோம் என்பதை ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்ல வேண்டும். மொழிபெயர்க்கிற பெண்ணும் விடுப்பு முடிந்து வந்துவிட்டாள். என்னை யாரும் தேடவில்லை.

அதற்கு முன்பே, அந்த ஐப்பசியிலேயே, தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, நூலகத்தில் இருந்தபோது மதினியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் எண்ணெய் கொதிக்கிற சத்தம்; அதற்குமேலே அண்ணாச்சியின் குரல்.

“சார்வாள், அடுப்புல நிக்கேன். ரெண்டு கையும் வேலையா இருக்கு, இவதான் போனப் பிடிச்சிருக்கா. சும்மா சொல்லணும்னு தோணுச்சு. வச்சிருதேன், எண்ணெ காயுது.”

அவ்வளவுதான். நூலகத்தில் அமைதி காக்க வேண்டும் என்று எழுதிப் போட்டிருக்கிற பலகைக்குக் கீழே நின்று, நான் சத்தமாகச் சிரித்தேன்.

இப்போதும் யாராவது நான் சொன்னதற்குத் தலையாட்டினால் எனக்கு அந்த நாலு சுற்று ஜாங்கிரிதான் ஞாபகத்துக்கு வரும். மூன்று மாதம் ஒரு மனுஷனின் கையைக் கணினி அளந்தது, விஞ்ஞானி அளந்தார், வீடியோவில் டாக்டர் அளந்தார், புத்தகம் படித்த நானும் என் பங்குக்கு அளந்தேன், “என்ன வரையுதிய அண்ணாச்சி?” என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லையே என்பதை நினைக்கும்போதெல்லாம், எனக்குத் தெரிந்ததைச் சொல்ல எழும் வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டு எதிரில் இருப்பவரிடம் முதலில் கேட்கிறேன்.